உயர்த்திய கை

ஒஸ்லோவின் வெஸ்ட்லியில், எங்கள் அடுக்குமாடியின் நிலவறையில் இருந்த பள்ளிவாசலுக்குத் தலைவரைத் தெரிவுசெய்யக் கூடியிருந்தோம். தொழிற்சங்கக் கூட்டங்களில் பழகிய என் கை, நான் நிற்கிறேன் என்று சட்டென உயர்ந்தது.

"பதவியக் கேக்கிற ஆளுக்கு அதக் குடுக்கிறல்ல, தம்பி. நபி சொன்ன ஹதீஸ் இரிக்கு," என்றார் மௌலவி.

எனக்குக் காது சுட்டது. அண்ணன் முறையில் 'நானா' என்று நாங்கள் கூப்பிடும் பேருந்து ஓட்டுநரைக் கலந்துபேசித் தெரிவுசெய்தார்கள்.

"எனக்கு வாணாம். இத்தன பேருக்கும் மறுமையில நான்தானே பதில் சொல்லணும்," என்று அவர் அழுதார். நடிப்பென்று நினைத்தேன். ஓராண்டில் அவர் தலை நரைத்துவிட்டது.

அடுத்த தலைவரைத் தெரிவுசெய்யும் கூட்டத்தில் வீம்புக்குக் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மௌலவி என் பெயரைச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானா மட்டும் என்னைத் துக்கவீட்டில் பார்ப்பதுபோலப் பார்த்தார்.