ஸ்பிரிட்டுக்குப் பதில் வினாகிரி

என் பக்கத்து வீட்டுச் சுஹைராவின் கூந்தல் முழங்காலைத் தொடும். கிண்ணியாவில் வெளி ஆண் எவனும் அதைக் கண்டதில்லை. வீடு வீடாகப் போவாள், குசினிக் கதவைச் சாத்திவிட்டு முக்காட்டை எடுத்துக் கூந்தலை அவிழ்த்து விடுவாள். பெண்கள் வாயைப் பிளப்பார்கள், முடி டொனிக் போத்தல் விலைபோகும். அது உம்மா வழியில் வந்த முடி, டொனிக்கால் வளர்ந்ததல்ல. எனக்குத் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அயல் வீட்டுப் பகை எதற்கு?

சுஹைராவின் வாப்பா திருகோணமலைத் துறைமுகத்தடியில் சலூன் வைத்திருந்தவர். கப்பலில் வந்த சீமை டொனிக்குகளைப் பார்த்துத் தானும் ஒன்று கலக்கினார்: ஆமணக்கெண்ணெய், மிளகாய்ச் சாறு, ஸ்பிரிட். அதையேதான் சுஹைராவும் கலக்கி விற்றாள். மிளகாய் தலையைக் காந்தவைக்கும். காந்தினால் மருந்து வேலை செய்கிறதாம். இதை நம்பாத சனத்தை நான் இன்னும் காணவில்லை.

ஸ்பிரிட் குடிவகையாயிற்றே, பூசிக்கொண்டு தொழலாமா என்று பெண்கள் கேட்கத் தொடங்கினார்கள். சுஹைரா பயந்துபோய், கறியில் புளிப்புக்கு ஊற்றும் வினாகிரிக்கு மாறினாள். ஆனால் அவள் வாங்கி வந்தது தண்ணீர் கலந்து வினாகிரி ஆக்குகிற மூல அசிட். அதை அப்படியே ஊற்றிவிட்டாள், மடைச்சி.

அந்தக் கலவையில் முதல் போத்தலை வாங்கியவள் றுக்கியா. கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்த அவளுடைய மகள் பஸ்மியாவின் தலைத்தோல் கொப்பளித்து, முடியோடு உரிந்து வந்தது. மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்தை நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் பகல் றுக்கியா வந்தபோது நான் சுஹைராவின் குசினியில்தான் இருந்தேன். வந்த வேகத்தில் அவள் கூந்தலைக் கையில் சுற்றி இழுத்து, சுஹைராவின் முகத்தை அடுப்புக்கட்டில் மோதினாள். பல் தெறித்தது. தடுக்கப் போன என் கையையும் கடித்தாள்.

"என்ட முடிய எடுங்க ராத்தா. புள்ளைக்கு வெச்சித் தைக்கலாம்," என்று சுஹைரா கெஞ்சினாள்.

"மனுச முடிய மனுசருக்கு வெக்கிறது ஹராம். அதாவது தெரியுமாடி உனக்கு?"

மீன் வெட்டும் கத்தியால் கூந்தலை அடியோடு அறுத்தாள். காது மடலிலும் ஒரு துண்டு போனது. அறுத்ததை எரிகிற அடுப்பில் திணித்தாள்.

சுஹைரா காதைப் பொத்தியபடி கேட்டாள்: "உடன கழுவியிருந்தா இவ்வளவு வந்திரிக்காதே. புள்ள எரியிதெண்டு சொல்லல்லயா?"

றுக்கியா கத்தியைக் கீழே போட்டுவிட்டு நிலத்தில் குந்தினாள்.

"சொன்னா. கத்திக் கத்திச் சொன்னா. வேலை செய்யுதெண்டு நான்தான் ரெண்டு கையயும் புடிச்சிக்கிட்டு இருந்தன்."