அச்சடித்த விலைக்கு விற்ற பால்மா

ஓர்ஸ் ஹில் குன்றின் இறக்கத்தில் கடை வைத்திருந்த புஷ்பவதி லேசில் எதையும் நம்புகிற மனுசி இல்லை. துறைமுகத்தில் வேலை செய்த புருசன் கண்மூடின பிறகு தனியாய் நின்று நடத்தின கடை. வாற சீனி மூட்டையைக்கூடத் தன் தராசில் மறுபடி நிறுத்துத்தான் உள்ளே எடுப்பாள்.

தொண்ணூற்றைந்தாம் வருசத் தொடக்கம், சண்டை கொஞ்சம் ஓய்ந்து பேச்சுவார்த்தை என்று கதை அடிபட்ட நேரம், பால்மாக் கொம்பனி வான் ஒன்று நேரே அவள் கடை வாசலில் வந்து நின்றது.

"பைக்கற்றில அடிச்ச விலைக்கே வில்லுங்கோ அக்கா. உங்கட லாபமும் அதுக்குள்ளயே இருக்கு," என்றான் கொம்பனிக்கார அஸீம்.

"இவ்வளவு நாளும் அந்த லாபம் எங்க போனது?"

"கந்தளாயால வாற லொறியை ஒவ்வொரு ஆமிச் சென்றியிலயும் சோதனைக்கெண்டு இறக்கி ஏத்தின கூலி திண்டது. அதாலதான் நீங்களும் மேல வைச்சு வித்தனீங்கள். இப்ப சோதனை குறைவு, நாங்களே கொண்டுவந்து தாறம்."

புஷ்பவதி பைக்கற்றைக் குலுக்கினாள், மணந்தாள். முடியிற திகதியை அவனை வாசிக்க வைத்தாள். பிறகு பக்கத்துத் தையல்காரரைக் கூப்பிட்டு அதையே இன்னொருக்கா வாசிக்க வைத்தாள். அதற்குப் பிறகுதான் எடுத்தாள்.

எடுத்து என்ன? ஒரு சனமும் வாங்கவில்லை. ஊரில் எல்லாக் கடையிலும் அச்சடித்த விலையைச் சுரண்டிப்போட்டு மேலே ஒன்று சொல்லுவார்கள். சுரண்டாத பைக்கற்றைக் கண்டதும் சனம் எடுத்த கையோடேயே திருப்பி வைத்தது. "ஆமிக் காம்பில இருந்து களவாய் வந்த சாமானாம்" என்று குழாயடியில் கதை கிளம்பிவிட்டது. அந்தக் காலத்தில் அப்படி ஒரு பெயர் எடுத்தால் கடை மட்டுமா போகும்?

அடுத்த தெருக் கோணேஸ்வரி கைக்குழந்தையோடு வந்தாள்.

"ஒளிக்காமல் சொல்லுங்கோ அக்கா, ஏன் இவ்வளவு மலிவு? பழுதான சாமானோ?"

"மலிவு இல்லையடி, இதுதான் விலை. மற்றவையள் விக்கிறதுதான் கூட."

"ஊரெல்லாம் கூட விக்கேக்க நீங்கள் மட்டும் என்ன, தருமமே செய்யிறியள்?"

புஷ்பவதிக்குக் கோபம் ஏறிவிட்டது. ஒரு பைக்கற்றை வெட்டி, சுடுதண்ணியில் கரைத்து, அவள் கண் முன்னாலேயே மடமடவென்று குடித்தாள். கோணேஸ்வரி அவள் முகத்தையே பார்த்தாள். கடை வாங்குப் பலகையில் குந்தியிருந்து, மடியில் கிடந்த பிள்ளைக்கு ஏணை ஆட்டுகிறமாதிரிக் காலை ஆட்டிக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரி. வெட்டினதையே தாங்கோ, மற்றதை நம்பேலாது. ஆனா ஒரு கரண்டி குறையுது, விலையைக் குறையுங்கோ."

"அடிச்ச விலைதான். கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன்."

கோணேஸ்வரி புறுபுறுத்துக்கொண்டு காசை வைத்தாள். பின்னேரம் கடை வாசலில் நாலைந்து பெண்டுகள் வந்து நின்றார்கள். ஒவ்வொருத்தியும் தன்னுடைய பைக்கற்றையும் வெட்டிக் குடித்துக் காட்டச் சொன்னாள். புஷ்பவதி அவர்களை ஒருமுறை முறைத்துப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் தண்ணியைக் கொதிக்க வைத்தாள்.