வியாழக்கிழமை வேது

எனக்கு மில்லில் வாரம் ஒரு நாள்தான் லீவு, வியாழக்கிழமை. அக்காவின் தலைவலிக்கும் அது தெரியும். திங்கட்கிழமை மூக்கு அடைத்தாலும், புதன்கிழமை புருவத்துக்கு மேலே இடிக்க ஆரம்பித்தாலும், வியாழக்கிழமை வரை மண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். காலையில் ஏழு மணிக்கெல்லாம் போன் வந்துவிடும். "ஏட்டி, வாரியா? நொச்சி ஒடிச்சுக்கிட்டு வா."

நான் இருப்பது ராஜபாளையத்தில், நூல் மில்லில் வேலை. அவள் வாக்கப்பட்டது ஸ்ரீவில்லிபுத்தூரில். பஸ்ஸில் ஏறினால் அரை மணி நேரம். நாள் முழுக்கப் பஞ்சுத் தூசியைக் குடிக்கிறவள் நான். நியாயமாகப் பார்த்தால் சைனஸ் எனக்குத்தான் வந்திருக்க வேண்டும். வீட்டுக்குள்ளேயே இருக்கிற அவளுக்கு வந்தது. "உன் தூசியெல்லாம் எனக்குத்தாண்டி வந்து சேருது" என்பாள்.

நொச்சி எங்கள் வீட்டுப் பின்பக்கம் சாக்கடை ஓரமாகத் தானாக முளைத்து நிற்கிறது. அவள் வீடு தெருவோடு ஒட்டின வீடு, ஒரு கைப்பிடி மண் கிடையாது. அதனால் இலை நான்தான் கொண்டுபோவேன். ஒரு குண்டான் தண்ணீரில் நொச்சியை உருவிப் போட்டு, ஓமவல்லி நாலு இலை, கல் உப்பு ஒரு கை, இடித்த மஞ்சள் சேர்த்து, தளதளவென்று கொதிக்க விடுவோம். இன்னொரு அடுப்பில் செங்கல் துண்டு இரண்டு காய்ந்துகொண்டிருக்கும். குண்டானைத் தரையில் அவள் காலுக்கு நடுவே இறக்கி வைத்து, தலையோடு கம்பளியைப் போர்த்தி, நான் சுற்றிலும் ஓரத்தைச் சொருகுவேன்.

வேது பிடிப்பதற்கு இரண்டு ஆள் வேண்டும் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. உள்ளே இருக்கிறவளுக்குக் கண் தெரியாது. ஆவி குறைந்ததும் வெளியே இருக்கிறவள் கம்பளியை ஒரு சாண் தூக்கி, இடுக்கியால் செங்கல்லை எடுத்துக் குண்டானுக்குள் போட வேண்டும். சுர்ரென்று ஒரு சத்தம் வரும், மறுபடி ஆவி எழும்பும். உள்ளேயிருந்து "அய்யோ அம்மா" என்று ஒரு குரல் வரும். அது வலி இல்லை, சுகம். தாங்க முடியாமல் போனால் அந்தச் சந்து வழியாகக் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடிப்பாள். உடனே கம்பளியை விலக்க வேண்டும். வேர்த்து ஊற்றி, மூக்கு ஒழுகி, முகமெல்லாம் சிவந்து வெளியே வருகிறவளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். "சிரிக்காதட்டி, துண்டைக் கொடு" என்பாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் காப்பி குடித்துக்கொண்டே உலகத்தையே வாயில் போட்டு மெல்லுவோம். எனக்கு அந்த வாரத்தில் ஓய்வு என்று ஒன்று இருந்தால் அது அந்தக் காப்பிதான்.

இதெல்லாம் அவள் மகள் கல்யாணம் வரைக்கும்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணப் பத்திரிகை அடித்ததும் சாமிக்கு வைத்த கையோடு, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்குத் தட்டோடு கூடப்பிறந்தவர்கள் வீட்டுக்குத்தான் முதலில் போக வேண்டும். மற்றவர்களெல்லாம் பிறகுதான். எனக்கு அது வாட்ஸப்பில் வந்தது. மில் விட்டு வெளியே வந்து, கேட்டில் கொடுத்து வைத்திருந்த போனை வாங்கித் திறந்தால், காலை வணக்கம் படங்களுக்கு நடுவே பிள்ளையார் படம் போட்ட பத்திரிகை. என்னோடு வேலை பார்க்கிறவள் எட்டிப் பார்த்து, "சொந்த அக்கா மக கல்யாணத்துக்கு இப்படியா சொல்லுவாவ?" என்று கேட்டாள். அவள் கேட்காமல் இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது. எரிகிற அடுப்பில் எண்ணெயை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே அக்கா போன் போட்டாள். ஆடிக் காற்றாம், பஸ்ஸில் ஏறினால் மண்டை பிளக்கிறதாம், அத்தானுக்குக் கடையை விட்டு வர முடியவில்லையாம். "கோவிச்சுக்காதட்டி, நீதானே முன்னால நின்னு எல்லாத்தையும் செய்யணும்" என்றாள். பஸ் காற்று அவளுக்கு ஆகாது என்று என்னைவிடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அந்தத் தலையைக் கம்பளி போட்டு மூடி எத்தனை வியாழக்கிழமை உட்கார்ந்திருக்கிறேன். தெரிந்தும் எனக்கு மனம் இறங்கவில்லை. "சரி" என்று ஒரு சொல்லோடு போனை வைத்துவிட்டேன். எனக்கு வீம்பு என்று வந்துவிட்டால் பெற்ற தாய் வந்து சொன்னாலும் கேட்காது. அது பெருமை இல்லை, வியாதி.

கல்யாணத்துக்குப் போனேன். ஊரார் மாதிரி மொய் எழுதி, நடு வரிசையில் உட்கார்ந்து, முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். பந்தி வாசலில் வந்து நின்று அக்கா கண்ணாலேயே என்னைத் தேடினாள். நான் பாயசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி மழை தொடங்கின பிறகு ஒரு வியாழக்கிழமை, காலை ஏழு மணிக்குப் போன். மூக்கடைத்துக் குரலே மாறிப்போயிருந்தது. "மூணு நாளா தூக்கமில்லட்டி. கண்ணு ரெண்டும் வெளிய வந்துரும் போல இருக்கு. வாரியா?"

"இன்னைக்கு ஆள் பத்தலைன்னு மில்லுல கூப்பிட்டுட்டாவக்கா" என்றேன். "லீவு கிடையாது. இலையை பஸ்ல ஏத்தி விடுதேன்."

"சரிட்டி, பத்திரமா வேலைக்குப் போ" என்றாள்.

மில்லும் இல்லை, ஒன்றும் இல்லை. தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டில்தான் இருந்தேன். நொச்சியை ஒடித்து ஈரத்துணியில் கட்டி, ஒரு பையில் போட்டேன். கூடவே ஒரு விரலி மஞ்சளும் போட்டேன். உன் பத்திரிகையில் மஞ்சள் இல்லை, என் இலைக்கட்டிலாவது இருக்கிறது பார் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் போட்டேன். இவ்வளவு அற்பமாக ஒருத்தி இருப்பாளா என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு நல்ல சாமர்த்தியமாகத் தோன்றியது. பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கண்டக்டர் கையில் பையைக் கொடுத்துவிட்டு, பத்து மணிக்கு அவளுக்குப் போன் போட்டு பஸ் நம்பரைச் சொன்னேன். அத்தான் போய் வாங்கி, வீட்டில் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

அவள் தனியாக வேது பிடித்தாள்.

தரையில் வைத்தால் தனியாகக் குனிந்து நிமிர முடியாது என்று நாற்காலியில் உட்கார்ந்து, குண்டானை முன்னால் ஒரு ஸ்டூலில் வைத்திருக்கிறாள். கம்பளி ஓரத்தைச் சொருக ஆள் இல்லை. ஆவி வெளியே போகாமல் இருக்க, முன்பக்க ஓரத்தைக் குண்டானுக்கு அடியிலேயே கொடுத்து அமுக்கியிருக்கிறாள். ஆவி குறைந்ததும் செங்கல்லை எடுக்க, போர்வைக்குள் இருந்தபடியே பக்கத்தில் கையை நீட்டித் திரும்பியிருக்கிறாள். கம்பளி இழுபட்டது. குண்டான் அப்படியே அவள் மடியில் சாய்ந்தது.

அத்தான் போன் போட்டபோது நான் தலைக்குக் குளித்துவிட்டு முடியை உலர்த்திக்கொண்டிருந்தேன்.

இரண்டு தொடையும் வெந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரியில் இருபது நாளுக்கு மேல் கிடந்தாள். கட்டு மாற்றும்போதெல்லாம் நான் வெளியே போய் நின்றுகொள்வேன். பார்க்க வந்தவர்கள், "தங்கச்சி பக்கத்து ஊர்தானே, கூப்பிட்டிருக்கக் கூடாதா?" என்று கேட்டார்கள். அவள் ஒவ்வொருவரிடமும் சலிக்காமல் சொன்னாள். "பாவம், அவளுக்கு மில்லுல லீவு கொடுக்கல. இருந்தா ஓடி வந்திருப்பா." அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அவள் நம்பிவிட்டாள் என்பதில் ஒரு நிம்மதியும் இருந்தது, அதையும் மறைக்க விரும்பவில்லை.

புண் ஆறிவிட்டது. தோல் மட்டும் சுருங்கிப்போய் இருக்கிறது. சம்மணம் போட்டு உட்கார அவளால் முடியாது. இப்போது கரண்டில் ஓடுகிற சின்ன மெஷின் ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள். தண்ணீர் ஊற்றி ஸ்விட்சைப் போட்டால் போதும். இந்த வருஷம் முழுக்க நான் வியாழக்கிழமை தவறாமல் போகிறேன். அவள் கூப்பிடுவதில்லை, நானாகத்தான் போகிறேன். முதல் தடவை நொச்சி கொண்டுபோனேன். "இதுல இலை போடக் கூடாதாம்டி, அடைச்சுக்கிடுமாம்" என்றாள். இலை அடுக்களை ஜன்னலிலேயே காய்ந்தது.

போன வியாழக்கிழமை, மெஷின் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து துண்டைத் தலையில் போட்டுக்கொண்டாள். முகம் மறைந்ததும் எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது.

"அக்கா, அன்னைக்கு எனக்கு லீவுதான். வீட்லதான் இருந்தேன்."

மெஷின் உஸ்ஸென்று ஓடிக்கொண்டிருந்தது. துண்டு அசையவில்லை.

"தெரியும்டி" என்றாள் உள்ளேயிருந்து. "பத்து மணிக்கு நீதானே போன்ல பஸ் நம்பர் சொன்ன. மில்லுக்குள்ள போன் விட மாட்டாவன்னு எத்தனை தடவை நீயே சொல்லியிருக்க."

அப்படியென்றால் இலை போய்ச் சேருவதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் தனியாக அடுப்பை மூட்டியிருக்கிறாள். தெரிந்துதான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு எனக்காக அத்தனை பேரிடமும் பொய் சொல்லியிருக்கிறாள். நான் அழுதேன். அவள் சமாதானமும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

துண்டின் ஒரு பக்கம் விலகி ஆவி வெளியே வந்துகொண்டிருந்தது. பழக்கத்தில் எழுந்துபோய் அந்த ஓரத்தைப் பிடித்தேன்.

"நீ உக்காருட்டி. இதுக்கு ஆள் வேண்டாம்" என்று சொல்லி, என் கையிலிருந்து அதை வாங்கி, தோளோடு சேர்த்து அவளே சொருகிக்கொண்டாள்.