எல்லோரும் ஓகே போட்ட அட்டவணை

கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு நான் மேலாளர். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து தினமும் ரயிலில் போய் வருகிறேன். வாரத்துக்கு மூன்று முறை இரத்தம் சுத்திகரித்துக்கொள்ள வருகிறவர்களில் யாருக்கு எந்த நாற்காலி, எந்த நேரம் என்று பிரித்துக் கொடுப்பதிலேயே என் பாதி ஆயுள் போய்விட்டது. அதனால் ஏஐ மென்பொருள் ஒன்று வந்தபோது என் அளவுக்குச் சந்தோஷப்பட்டவர் யாரும் இருக்க முடியாது.

அது ஒரே காலையில் புதிய அட்டவணையைப் போட்டு, ஒவ்வொருவருக்கும் அவரவர் மொழியில், தமிழர்களுக்கு நல்ல தமிழில், என் பெயரிலேயே மெசேஜ் அனுப்பியது. இந்த நேரம் உங்களுக்குச் சரிவருமா என்று பணிவாகக் கேட்டது. மதியத்துக்குள் எல்லோரும் ஓகே போட்டுவிட்டார்கள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் தலைமைத் தாதி மட்டும் திரையைப் பார்த்துவிட்டு, "ஒரு ஆள்கூடவா முடியாதுன்னு சொல்லல?" என்றார். பொறாமை என்று நினைத்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதை அவரிடமே சொல்லியும் விட்டேன்.

இரண்டாவது வாரம், காப்பார் என்ற ஊரிலிருந்து வருவதால் நாங்கள் காப்பார் அங்கிள் என்று கூப்பிடுகிறவர் வரவில்லை. லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர், ஊசி குத்தும் தாதியையே சிரிக்க வைக்கும் மனிதர். நேரத்துக்கு ஒப்புக்கொண்டும் வரவில்லை, போனும் எடுக்கவில்லை, அடுத்த முறையும் வராவிட்டால் அவருடைய நாற்காலியைக் காத்திருப்பவருக்குக் கொடுத்துவிடலாம் என்று மென்பொருள் சொன்னது. நான் அனுமதி என்ற பொத்தானை அமுக்கினால் போதும். ஓகே போட்டுவிட்டு வராமல் இருக்கிறாரே என்ற கோபத்தில் விரல் அதன்மேல் போய்விட்டது.

"அடுத்த தடவையும் விட்டா அவருக்கு மூச்சு முட்டிரும்" என்றார் தலைமைத் தாதி. "நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்து அமுக்குங்க."

ஒரு வாடகைக் கார் பிடித்துக் காப்பாருக்குப் போனேன். அங்கிளின் கால்கள் வீங்கியிருந்தன. அப்படியும் என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கப் பார்த்தார்.

"ஏன் அங்கிள் வரல?"

"கூட்டிட்டு வர காடி இல்லம்மா."

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. பக்கத்து வீட்டுச் சீனரும் எங்களிடம் வருகிறவர். அவருடைய மகள்தான் இத்தனை நாளும் இருவரையும் ஒரே காரில் கொண்டுவந்து விட்டு, முடிந்ததும் அழைத்துப் போயிருக்கிறாள். எங்கள் அட்டவணை அங்கிளைக் காலைக்கும் சீனரை மாலைக்கும் பிரித்துவிட்டது. முதல் வாரம் அங்கிள் தனியாக மோட்டார் சைக்கிளில் வந்து, திரும்பும்போது தலை சுற்றி, சாலை ஓரத்தில் வெகு நேரம் உட்கார்ந்திருக்கிறார். அதைக் கேட்ட அவர் மனைவி சாவியை ஒளித்துவிட்டார்.

"அப்புறம் ஏன் ஓகே போட்டீங்க?"

"நீங்க அனுப்பின மெசேஜ்தானே? அவ்வளவு மரியாதையா கேட்டிருந்தீங்க. முடியாதுன்னு எப்படி போடுறது? நல்லா இருக்காது லா." போனை எடுக்காததும் அந்தக் கூச்சத்தால்தான்.

எனக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. நம் ஆட்கள் ஆஸ்பத்திரியிலிருந்து என்ன கேட்டாலும் தலையாட்டுவார்கள். நானே டாக்டர் முன்னால் பாதி புரியாமல் சரி சரி என்று சொல்கிறவள்தானே. இது அந்த மென்பொருளுக்குத் தெரிய வழியில்லை. எனக்குத் தெரியும். யாரோடு வருகிறீர்கள் என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

அதே காரில் அவரை மையத்துக்கு அழைத்துப் போனேன். சீனரின் நேரத்துக்கே மாற்றியும் கொடுத்தேன். தலைமைத் தாதியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெருந்தன்மையாக, டீ குடித்தீர்களா என்று மட்டும் கேட்டார், அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மென்பொருள் இன்றும் இருக்கிறது, அட்டவணையும் அதுதான் போடுகிறது. ஆனால் நாங்களே போன் செய்து, யார் கொண்டுவந்து விடுகிறார்கள், யார் அழைத்துப் போகிறார்கள் என்று கேட்ட பிறகுதான் எதுவும் உறுதியாகிறது. போன மாதம் இயந்திரங்களைப் பழுது பார்க்க வேண்டியிருந்ததால் சில நேரங்களை மாற்ற வேண்டி வந்தது. அங்கிளைக் கூப்பிட்டு, வியாழன் காலை சரிவருமா என்று கேட்டேன்.

"கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றார்.

"மாட்டேன் அங்கிள். சொல்லுங்க."

"முடியாதும்மா."

"ரொம்ப தேங்ஸ் அங்கிள்" என்றேன். முடியாது என்றதற்கு எதற்குத் தேங்ஸ் என்று அவர் கேட்டார்.