தொட்டி மூடியின் விட்டம்

வெல்டர் அக்கா எதையும் கண்ணளவுக்கு விடமாட்டாள். வட்டத் தொட்டிக்கு மூடி வெட்ட அவளிடம் இருந்தது ஒரே தகடு. தொட்டியின் நடுவே நின்ற பழைய பம்பை நாளைதான் எடுப்பார்கள் என்பதால், டேப்பைக் குறுக்கே பிடிக்க வழியில்லை.

விளிம்பில் நேரெதிரே இருந்த இரண்டு போல்ட்டுகளையும் தொட்டி இருந்த மூலையில் செங்குத்தாகச் சேரும் இரு சுவர்களிலிருந்தும் அளந்தாள். ஒரு சுவரிலிருந்து இரண்டு போல்ட்டுகளின் தூரங்களுக்கும் வித்தியாசம் நூற்றிருபது சென்டிமீட்டர், மற்றச் சுவரிலிருந்து தொண்ணூறு.

“கூட்டினா இருநூத்திப்பத்து” என்றார் கணவர்.

“ஏங்க, குறுக்கே போற பூனை சுவரோரமா சுத்தியா போகும்?”

இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தாள். விட்டம் நூற்றைம்பது. அதே நீளத்துக்குக் கயிறு கட்டி, வட்டம் போடப் போனாள்.

“நில்லுடி கணக்குப்புலி! கயிறு அதுல பாதிதானே?”

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். கயிற்றை எழுபத்தைந்தாகச் சுருக்கி, வட்டம் போட்டு வெட்டினாள்.

மறுநாள் கச்சிதமாக உட்கார்ந்த மூடிமேல் இருவரும் ஏறி நின்று பார்த்தார்கள்.