நன்றாகப் பாடுவான்

அப்பாவின் விண்ணப்பத்துக்காக கிராம நிர்வாக அலுவலகம் போயிருந்தோம். மைப்பெட்டியைத் திறந்ததும் அந்த வாசனையில் எனக்குப் பழைய கைநாட்டு ஒன்று நினைவுக்கு வந்தது.

கிறிஸ்தவப் பள்ளியில் ஏழாவது படிக்கும்போது, மார்க் மட்டும் போதாது, பிள்ளைங்க முழுசா வளரணும் என்று வகுப்பு எடுத்த சிஸ்டர் ஆளுக்கொரு அட்டை கொடுத்தார். அதில் ‘பிள்ளையின் தனித்திறமை’ என்ற இடத்தைப் பெற்றோர் நிரப்ப வேண்டும். கொத்தனார் வேலை செய்யும் அப்பாவுக்கு எழுதத் தெரியாது. தண்ணீர் பிடிப்பதும் தம்பியைக் குளிப்பாட்டுவதும் திறமையாகாது என்று நினைத்து, ‘நன்றாகப் பாடுவான்’ என்று நானே எழுதினேன்.

“இன்னாபா எழுதிக்கிற?”

“நல்லா படிப்பேன்னுபா.”

சிமெண்டு அரித்த கட்டைவிரலை மையில் அழுத்திக் கைநாட்டு வைத்தார்.

மறுநாள் சிஸ்டர் என்னை ஆர்மோனியத்தின் முன்னால் நிறுத்தினார். “அப்பா சொல்லித்தானே எழுதினே? பாடுப்பா.”

“நடுங்கிக்கினு கீறான் சிஸ்டர்!” பின்பெஞ்சில் சிரிப்பு.

பாடவில்லையென்றால் அப்பாவை வரச்சொல்லிக் கேட்பார். நம்பி வைத்த கைநாட்டு எதற்கென்று அவருக்குத் தெரிந்துவிடும். ஜெபப்பாட்டின் முதல் வரியையே மூன்று முறை முனகினேன். “பழகினா வந்துடும்” என்று பாடகர் குழுவில் சேர்த்துவிட்டார். பத்தாவது முடியும்வரை அங்கே நின்று வாயை மட்டும் அசைத்தேன்.

இப்போது அப்பா விரலை நீட்டினார்.

“இன்னா எழுதிக்கிதுன்னு கேக்கலியாபா?”

“நீதான் படிச்சிட்டியே. எங்க வைக்கணும், சொல்லு.”