இன்னொரு குழாய் ரத்தம்

ரத்தம் எடுக்க வருகிறவனை வாசலில் பார்த்ததும் "வாங்க" என்று சொல்கிற வீடு அபூர்வம். ஊசியும் கையுமாக அலைந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பி.எஸ்சி. முடித்த கையோடு பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரி ஆராய்ச்சியில் சேர்ந்தேன். செல்போன் பெரிய மனிதர்களிடம் மட்டும் இருந்த காலம். சிறுநீரகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் ரத்தத்தில் சி.ஆர்.பி. என்ற புரதம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம். ஆபரேஷனுக்குப் பிறகு அது இறங்கி, அப்படியே நின்றால் நல்லது. மறுபடி ஏறினால், நோய் திரும்புகிறதோ என்று சந்தேகம். அந்தச் சந்தேகத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் ஆராய்ச்சி. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். தப்பு செய்துவிடுவேனோ என்ற பயத்தில், குழாயில் ஒட்டிய பெயரைத் திரும்பத் திரும்பப் படிப்பேன்.

கிளி இல்லாத ஜோசியம்

முனிரத்தினம் அண்ணன் ஈஜிபுராவில் வெல்டர். இடது சிறுநீரகத்தை எடுத்தபின் அவருடைய சி.ஆர்.பி. அழகாக இறங்கியிருந்தது. அடுத்த முறை வரச் சொன்ன நாளில் ஆள் வரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானே வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி செல்வி அக்கா கதவைப் பாதிதான் திறந்தார். வியாதி திரும்புமா என்பதை ரத்தம் முன்கூட்டியே சொல்லுமா என்று பார்க்கிறோம் என்று பாடம் ஒப்பிப்பது போல விளக்கினேன். உள்ளேயிருந்து அண்ணனின் குரல் வந்தது: "செல்வி, கிளி இல்லாம ஜோசியம் பாக்க வந்திருக்காரு. ஒரு டீ குடுத்து அனுப்பு."

ரோஸ் மில்க்

டீயும் கிடைத்தது, ரத்தமும் கிடைத்தது. திரும்பும்போது ஷேர் ஆட்டோ ஒரு பள்ளத்தையும் விடவில்லை. லேப்பில் குழாயைச் சுழற்றி எடுத்தால், வெளிர்மஞ்சளாகத் தெளிந்து நிற்க வேண்டிய திரவம் சிவந்து கிடந்தது. குலுக்கலில் ரத்த அணுக்கள் உடைந்துவிட்டன. எங்கள் லேப்பில் இப்படிப்பட்டதைச் சோதிப்பதில்லை. யாரும் பார்க்காமல் மெஷினில் வைத்திருக்கலாம். ஏதோ ஓர் எண் வந்திருக்கும். அந்த எண்ணை நம்பி ஒருவர் நிம்மதியாகத் தூங்குவார் என்று நினைத்தபோது கை வரவில்லை. கொட்டிவிட்டேன். யாரையும் 'குரு' என்றே கூப்பிடும் பக்கத்து மேஜை நாகராஜ் எட்டிப் பார்த்தான். "ஏன் குரு, ரத்தம் கேட்டா ரோஸ் மில்க் கொண்டாந்திருக்கே?"

ஏறிய எண்

மறுபடி போனேன். "முன்னாடி எடுத்ததை எங்க வித்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே அண்ணன் கையை நீட்டினார். இந்த முறை பஸ்ஸில், பெட்டியை மடியில் வைத்து, குழந்தையைப் போலப் பிடித்துக்கொண்டு வந்தேன். ரத்தம் நன்றாக இருந்தது. எண்தான் நன்றாக இல்லை. நன்றாக ஏறியிருந்தது.

எண்ணை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஆராய்ச்சியை நடத்திய டாக்டர் மேடம் உடனே ஸ்கேனுக்கு எழுதினார். காய்ச்சல், புண், பல்வலி எது வந்தாலும் இந்தப் புரதம் ஏறும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் நான் கேட்டபோது எல்லாவற்றுக்கும் அண்ணன் "இல்லை" என்றுதான் சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். மேடம் பேனாவை மூடினார். "ஏறியிருக்குன்னு தெரியும், ஏன்னு தெரியாது. தெரியாததைத் தெரிஞ்சுக்கத்தானே சம்பளம் வாங்கறே? போய்க் கேளு."

பன்னும் டீயும்

நான் போன நேரம் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பன்னை டீயில் ஊறவைத்து வலது கடைவாயில் மட்டும் மெல்லுவதைப் பார்த்தேன். இடது கன்னம் லேசாக உப்பியிருந்தது. "அண்ணே, வாயைக் கொஞ்சம் தொறங்க" என்றேன். முடியாது என்றார். நான் பெட்டியைக் கீழே வைத்து உட்கார்ந்துவிட்டேன். வாயைப் பார்க்காமல் நான் கிளம்பமாட்டேன் என்று புரிந்ததும் திறந்தார்.

கடைவாய்ப் பல்லடியில் சீழ். வேறு வியாதி இருப்பதாகச் சொன்னால் இலவசப் பரிசோதனையிலிருந்து பேரை வெட்டிவிடுவார்கள் என்று வார்டில் யாரோ கிளப்பிவிட, எல்லாரும் நம்பியிருக்கிறார்கள். வெட்டமாட்டோம் என்று சத்தியம் செய்தேன். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?" என்று செல்வி அக்கா சத்தம் போட்டார். அண்ணன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "கிட்னியே போயிடுச்சு, இதுல பல்லுக்குப் போய் எவன்டி அழுவான்?"

இறங்கிய எண்

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. பல்லைப் பிடுங்கி, புண் ஆறும்வரை காத்திருந்து, இன்னொரு குழாய் ரத்தம் எடுத்தேன். எண் பழைய இடத்துக்கே இறங்கியிருந்தது. இனி எப்போதும் இப்படியே இருக்கும் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. இப்போதைக்கு நல்லது, தொடர்ந்து வாருங்கள் என்று மேடம் சொன்னதை மட்டும் சொன்னேன். செல்வி அக்கா சாமி படத்தின் பக்கம் திரும்பிக் கண்ணை மூடினார். அந்த இடைவெளியில் அண்ணன் என் காதருகே குனிந்தார். "தம்பி, பல்லையே காட்டிக் குடுத்துடுச்சே இந்த ரத்தம்... நான் எப்பவாச்சும் ஒரு பீடி பத்தவைக்கிறதை உங்க அக்காகிட்ட சொல்லிடாதுல்ல?"

நோயை முன்கூட்டிச் சொல்லும் ரத்தத்தைத் தேடிப் படி ஏறி இறங்குகிற நான், அன்றிலிருந்து யாரையும் கையை நீட்டச் சொல்வதற்கு முன்னால் வாயைத்தான் திறக்கச் சொல்கிறேன்.